சனிக்கிழமை வாரியல்

கொம்புத்தேரியில் முதல் பழையாள் வந்து நின்றது பங்குனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அதற்கு முந்தின வாரமே பனங்காட்டுக்குள் ஒன்றைப் பார்த்துவிட்டு, வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோரைக் குடித்துப் படுத்துக்கொண்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், காரணம் என்னவென்று அந்த ஊர் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெருமழையில் பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்து, பிறப்பும் இறப்பும் வீட்டுவரியும் கூழாகிப் போனபிறகு, இனிமேல் கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சனிக்கிழமைதோறும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எழுத்தர் நயினார் உத்தரவை மீறாத மனிதர். அவர் எடுத்து வைத்தார். நகல்கள் பெட்டிக்குள் இருக்கப் பிடிக்காமல் அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டன. அவ்வளவுதான்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அலுவலகத்துச் சங்கு ஊதும்போது ஒருவர் என்ன செய்துகொண்டிருந்தாரோ, அதையே செய்துகொண்டு மறுநாள் காலையில் அவருடைய பழையாள் முற்றத்தில் நிற்கும். தலை சீவிக்கொண்டிருந்தவளின் பழையாள் சீவிக்கொண்டே இருக்கும். பீடி பற்றவைத்தவனின் பழையாள் பற்றவைத்துக்கொண்டே இருக்கும், பீடி மட்டும் எரியாது. பேசாது, உண்ணாது, உறங்காது. தள்ளினால் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். முதல் வாரம் ஊர் பயந்து சூடம் கொளுத்தியது. அடுத்த வாரம் ஒருத்தி தன் மாமியாரின் பழையாளை முற்றத்து மூலையில் நிறுத்தி அதன் கழுத்தில் துணிக்கொடியைக் கட்டினாள். அதற்குப் பிறகு குழாயடியில் குடத்தோடு வரிசை பிடிக்கவும், ரேஷன் கடையில் இடம் போடவும், ஆள் சேராத சாவு வீட்டில் பந்தலை நிறைக்கவும் பழையாள்களைக் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கமாகி, கட்சிக் கூட்டத்துக்குக்கூட வேனில் அடைத்து ஏற்றிப்போனார்கள்.

சங்கு ஊதும் நேரத்துக்குப் பெண்கள் குளித்துப் பூ வைத்து, போட்டோ பிடிக்க உட்கார்ந்தமாதிரி உட்காரப் பழகினார்கள். சனிக்கிழமைச் சண்டை வருஷம் முழுக்க முற்றத்தில் நிற்கும் என்று ஒரு சொலவடையே உண்டாயிற்று. மேலத்தெருவில் ஒருவன் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கியபோது சங்கு ஊதிவிட்டது. அவள் அந்தப் பழையாளை வாசலுக்கு நேரே நிறுத்தி, ஓங்கிய கையில் பால் தூக்குவாளியை மாட்டிவைத்தாள். அவன் அதற்குப்பிறகு பின்கட்டு வழியாகவே போய்வந்தான்.

செத்துப்போனவர்கள் முழுதாய்ச் சாகாமல் போனதும் அந்த ஊரில்தான். ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தால், முற்றத்தில் அவரே வரிசையாய் நின்று, ஒன்று பல் குச்சியைக் கடித்துக்கொண்டும் ஒன்று வேட்டியை உதறிக்கொண்டும் இருப்பார். அழ உட்கார்ந்தவர்கள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

கீழவீட்டு லிங்கக்கனியின் மகன் சுயம்பு அப்படித்தான் போனான்.

லிங்கக்கனி கவலைப்படாத பொருள் அந்த ஊரில் கிடையாது. ஆட்டைக் கட்டிவிட்டு முடிச்சு இறுகியிருக்கிறதா என்று திரும்பி வந்து பார்ப்பாள்; இறுகியிருந்தால் ரொம்ப இறுகிவிட்டதோ என்று அவிழ்த்துக் கட்டுவாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்விட்டுச் சிலிண்டருக்காகத் திரும்புவாள். கணவன் பழையாள்கள் வரத் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனுடையது ஒன்றுகூட அவளிடம் இல்லை. அதனால் மகன்மேல் கவலை இரண்டு பங்காயிற்று. உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகில் பாரம் விழுமோ, லாரி இடிக்குமோ, உப்புத்தண்ணீர் கண்ணைக் கெடுக்குமோ என்று அவள் பட்ட கவலையில் காய்ச்சல் இல்லவே இல்லை. காய்ச்சல்தான் வந்தது. புரட்டாசியில் படுத்தான், ஐப்பசி பிறப்பதைப் பார்க்கவில்லை.

படுத்தபிறகு வந்த ஒரே சனிக்கிழமையில், நெஞ்சு கட்டியிருக்கிறது என்று சொன்னவனுக்கு அவள் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, அவன் ஊதியபோது சங்கும் ஊதியது. அந்தப் பழையாள்தான் அவனுடைய கடைசி. உதட்டைக் குவித்து, கண்ணைச் சுருக்கி, சூடு ஆற ஊதிக்கொண்டே இருந்தது. காப்பி ஆறவும் இல்லை, அது குடிக்கவும் இல்லை. மற்றப் பழையாள்களை அவள் கூடத்துச் சுவரோரமாக நெருக்கி வைத்தாள்; இதை மட்டும் நிலைப்படியில் அப்படியே விட்டாள். கூட்டும்போது அதன் காலைச் சுற்றிக் கூட்டினாள். அடுக்களைக்குப் போகும்போது தோளை ஒடுக்கிக்கொண்டு போனாள். சமைத்துக்கொண்டே அந்த ஊதும் சத்தத்தைக் கேட்பாள். சத்தம் ஒரு கணம் நின்றமாதிரி இருந்தால், கையில் மாவோடு ஓடிவந்து பார்ப்பாள்.

அவன் போனபோது அவளுடைய ஓரகத்தி முத்துக்கிளி நிறைசூலி. கொழுந்தன் சிவனணைஞ்சானுக்குக் கட்டிக்கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு வந்தவள், வாயாடி, நல்லவள்; கூரை இரண்டானாலும் இரண்டு வீட்டுக்கும் கீழவீடு என்றே பேர். லிங்கக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிறக்கது ஆம்பளப் பிள்ளையா இருந்தா எம்பிள்ள பேர வையிட்டி. அது சும்மா கிடக்கக் கூடாது" என்று அழுதாள். அந்த வம்சத்தில் செத்தவர் பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது உண்டுதான், ஆனாலும் இளஞ்சாவுப் பேரை வைக்க யாரும் துணிவதில்லை. முத்துக்கிளி துணிந்தாள். பேர் வைக்கிற அன்று பிள்ளையை லிங்கக்கனி மடியில் போட்டு, "நீயே கூப்பிடுக்கா" என்றாள். அவள்தான் அதன் காதில் மூன்று முறை கூப்பிட்டாள். கீழவீட்டில் மறுபடியும் ஒரு சுயம்பு.

இதற்குள் ஊரில் நிற்க இடமில்லாமல் ஆகிவிட்டது. முற்றம் நிறைந்து, தொழுவம் நிறைந்து, கிணற்றைச் சுற்றி நின்று, மழைக்கு வீட்டுக்குள் இழுத்துப்போட்டால் படுக்க இடமில்லாமல், மனிதர்கள் தங்கள் பழையாள்களின் கால்களுக்கு நடுவே பாய் விரித்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை எது என்று தெரியாமல் பெண் தடுமாறி, தப்பான கழுத்தில் மாலையைப் போட்டுவிட்ட அன்றைக்குப் பஞ்சாயத்துக் கூடி, இவற்றையெல்லாம் கூட்டித் தள்ளுவது என்று முடிவாயிற்று.

அதற்கு டவுனிலிருந்து அல்போன்ஸ் என்று ஒருவர் வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, சாந்தமான மனிதர். கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன், வேண்டாததை அதுவே வீடு வீடாகப் பார்த்து எடுத்துவிடும் என்றார். ஸ்கிரிப்ட் என்ற வார்த்தை வாயில் நுழையாததால் ஊர் அதற்கு வாரியல் என்று பேர் வைத்தது. விளக்குமாற்றை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"வீட்டுப்பேரையும் ஆள்பேரையும் பார்க்கும். ஒரு பேருக்குக் கடைசியா வந்தது ஒண்ணு நிக்கும். மத்ததெல்லாம் போயிடும்" என்றார் அல்போன்ஸ்.

"செத்தவங்களுக்கும் ஒண்ணு நிக்குமாய்யா?" என்றாள் லிங்கக்கனி.

"நிக்கும்மா. செத்தவங்க யாரு, இருக்கவங்க யாருன்னு அதுக்குத் தெரியாது."

"தெரியாம எடுத்துறாதே?"

"எடுக்காதும்மா."

"நல்லாப் பாத்துட்டியளா?"

"ஏ லிங்கக்கனி, நீ போயி சிலிண்டர மூடிட்டியான்னு பாரு. மனுசன வேல செய்ய விடு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். நெஞ்சு லேசாகியிருந்தது. நிலைப்படியில் நிற்பது நிற்கும், அது போதும்.

சனிக்கிழமைச் சங்கோடு வாரியல் ஓடும் என்று முடிவாகி, வியாழக்கிழமை மத்தியானம் ஒத்திகை வைத்தார்கள். எதுவும் போகாது, போகப்போவது எது என்று மட்டும் தெரியும் என்று அல்போன்ஸ் சொல்லியிருந்தார். அவர் பொத்தானை அமுக்கியதும், ஊர் முழுக்கப் பழையாள்கள் மெதுவாகக் காலைத் தேய்த்துத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றன. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஒன்று மட்டும் முகம் காட்டி நின்றது. "எங்க அத்தையில எது நிக்கின்னு பாரு, வெத்தல மெல்லுறதா, ஏசுறதா?" என்று தெருவில் ஒரே கேலி. ஏசுவதுதான் நின்றது.

லிங்கக்கனி வீட்டில் கூடத்துச் சுயம்புகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவள் எதிர்பார்த்ததுதான். நிலைப்படியைப் பார்த்தாள். அங்கே நின்றதும் கதவுச் சட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மரத்தின்மேல் ஊதிக்கொண்டிருந்தது.

முந்தானை தரையில் புரள அலுவலகத்துக்கு ஓடினாள். அல்போன்ஸ் திரையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "கீழவீடு, சுயம்பு. கடைசியா வந்தது போன சனிக்கிழமை. பக்கத்து வீட்டுத் தொட்டில்ல கிடக்கிற பழையாள்."

"அது வேற சுயம்புல்லாய்யா."

"அதுக்கு வீட்டுப்பேரும் ஆள்பேரும்தாம்மா தெரியும். ரெண்டும் ஒண்ணா இருக்கே."

"எம்பிள்ளைய மட்டும் விட்டுருன்னு அதுக்கிட்ட சொல்லப்படாதா?"

அவர் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். "உனக்கு ஒண்ணு விட்டா ஊருக்கெல்லாம் ஒண்ணொண்ணு விடணும், பெறகு எதுக்கும்மா வாரியல்?" என்றார். அவருடைய தாயாரும் சுவரைப் பார்த்துத் திரும்பியவர்களில் உண்டு. பேத்தி ஒருத்திக்கு அந்தத் தாயாரின் பேரை வைத்திருந்தார்கள். அதனால் அவளால் அவரோடு சண்டை போட முடியவில்லை.

அந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. சீக்கில் கிடந்து பிழைக்காது என்று கைவிட்ட பிள்ளையின் பேரைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். பித்தளைச் செம்புக்குள் வாயை வைத்து அந்தப் பேரைச் சொல்லி, மஞ்சள் துணியால் அதன் வாயைக் கட்டி, கேட்டு வாங்கியவர் வீட்டில் வைப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட வருகிற எமனுக்குக் கூப்பிடப் பேர் கிடைக்காது, திரும்பிப் போய்விடுவான். பிள்ளை தேறியதும் செம்பைத் திறந்து அதே பேரைத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். வேறு பேர் வைத்தால் பிள்ளை தங்காது. வைத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள், தங்கவில்லை.

லிங்கக்கனி செம்போடு போய் ஓரகத்தியின் வாசலில் நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், "ஒங்க வீட்டு ஓடு ஒண்ணு நகந்திருக்கு, மழ வந்தா ஒழுகும்" என்றாள்.

"ஓட்டப் பாக்கவா செம்பத் தூக்கிட்டு வந்திய?" என்றாள் முத்துக்கிளி. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், செம்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு சனிக்கிழமைக்குட்டி. ஞாயித்துக்கிழம காலைல திரும்பத் தந்திருவேன். எம்மேல கோவமா?"

"கோவம் என்னத்துக்கு. ஒங்க பேருதான, நீங்க தந்ததுதான."

சிவனணைஞ்சான் வலையைச் சீர்பார்த்துக்கொண்டே முனகினான். "நோயில்லாத பிள்ள பேர வாங்கலாமா மைனி? பேர எடுத்துட்டா இவன என்னன்னு கூப்பிட?"

"கூப்பிட்டா ஓடி வரப்போறான் பாரு ஒம்ம மவன். கழுத்தே நிக்கல" என்று முத்துக்கிளி சிரித்தாள். சிரித்துவிட்டு, லிங்கக்கனியின் முகத்தைப் பார்த்து, செம்பைத் தானே வாங்கி அதற்குள் பேரைச் சொன்னாள். மூன்று முறை. துணியையும் தானே இறுக்கிக் கட்டினாள். "முடிச்சு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. இல்லன்னா பாதித் தெருவுல திரும்பி வருவிய."

பேர் செம்புக்குள் போன பிள்ளைக்கு அந்தப் பேர் ஊரில் எழுத்தாகவும் இருக்கக் கூடாது. இதை அல்போன்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, மூச்சு விடுவதைப்போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நயினார் வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, பிள்ளையின் பேர் இருந்த இடத்தை அழித்து வெறுமையாக்கி, கையைக் கழுவிக்கொண்டார்.

சனிக்கிழமை சங்கு ஊதியது. வாரியல் வீடு வீடாகப் போயிற்று. சத்தம் ஒன்றும் இல்லை. கோடைக்காற்று ஒன்று எல்லா முற்றங்களையும் தொட்டுவிட்டுப் போனதுபோல இருந்தது, அவ்வளவுதான். கண் திறந்து பார்த்தால் முற்றங்கள் வெறிச்சிட்டிருந்தன. ஜனங்கள் கட்டிலை வெளியே இழுத்துப்போட்டு, கையைக் காலை நீட்டிப் படுத்தார்கள். பிள்ளைகள் இடம் கிடைத்த வெறியில் வட்டம் வட்டமாக ஓடினார்கள். லிங்கக்கனி வீட்டில் கூடம் காலியாகி, நிலைப்படியில் ஒருவன் மட்டும் அவள் பக்கம் முகம் திருப்பி, டம்ளரைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் செத்தபோது பாதியில் விட்ட அழுகையை அழுதாள்.

பக்கத்து வீட்டில் பிள்ளை அழுதது. அழட்டும், தூக்குவாள் என்று இருந்தாள். நிற்காமல் அழுதது. குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தாள், பிறகு, கிணற்றடியில் வழுக்கி விழுந்திருப்பாளோ என்று நினைத்தாள், எழுந்து போனாள்.

அந்த வீட்டுக்குக் கதவு இல்லை. அடுப்பு இல்லை, அடுப்பின் கரி இல்லை. தொட்டில் இல்லை, வலை இல்லை, உறியில்லை, ஆடில்லை, நகர்ந்திருந்த ஓடும் நகராத ஓடும் இல்லை. முத்துக்கிளியும் இல்லை, சிவனணைஞ்சானும் இல்லை. அவர்களுக்கென்று நின்றிருக்க வேண்டிய ஆளுக்கொரு பழையாளும் இல்லை. நாலு சுவருக்குள் பேருள்ளவை எல்லாம் போயிருந்தன. வெறுந்தரையில், எடுத்துப்போகப் பேர் இல்லாத ஒன்று மட்டும் கிடந்து அழுதது.

மறுநாள் அல்போன்ஸ் வந்து பார்த்தார். அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். "பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமையா இருந்தா, அந்தக் கூரைக்குக் கீழ இருக்கிற எல்லாத்தையும்னு அது எடுத்துக்கும்" என்றார். பிறகு, "பேரில்லாத மனுஷன் இருப்பான்னு நான் நினைக்கலியே" என்றார். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் போனவர், அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. உடம்பில்லாமல் எப்படிக் காரியம் செய்வது என்று கொஞ்சம் யோசித்து, செங்கல்லை வைத்துச் செய்தார்கள். இரண்டு நாள் கஞ்சி ஊற்றினார்கள். லிங்கக்கனியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவள் வரும்போது பேச்சை மட்டும் நிறுத்தினார்கள். பிள்ளை அவள் மடிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை செம்பைத் திறந்து பேரைத் தந்துவிடுவதாகத்தான் சொல்லியிருந்தாள். ஞாயிறு போயிற்று. திங்களும் போயிற்று. திறந்தால் கேட்கிறவள் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, செம்பை நிலைப்படி ஓரத்தில், ஊதுகிறவன் காலடியில் வைத்திருந்தாள். வாரியல் வந்து போய்விட்டது, இனி அவசரம் என்ன?

செவ்வாய்க்கிழமை நயினார் வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"அது ஒரு தடவையோட நிக்காதாம் லிங்கக்கனி. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தானா ஓடுற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கார். இப்பத்தான் பாத்தேன்."

"நிறுத்துங்க."

"எனக்கு நிறுத்தத் தெரியாது. தொட்டு வேற எதாவது போச்சுன்னா?"

"கரண்ட எடுத்து விடுங்க."

"எடுத்தா, அதுக்குள்ள இருக்க பேரெல்லாம் என்னாகும்? நீயும் நானும் அதுக்குள்ளதான இருக்கோம்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இந்தப் பிள்ள எந்தக் கூரைக்குக் கீழ கிடக்கோ, அந்த வீடு போயிரும். அத மட்டும் சொல்லிட்டுப் போக வந்தேன்."

அன்றிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்துகொண்டிருந்த பெண் வரவில்லை. தெருக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், மதிலுக்கு அப்பால் நின்றே சொன்னார்கள். சனிக்கிழமை மட்டும் அந்தக் காலி வீட்டில் போட்டுவிடலாம், அங்கே போவதற்கு ஒன்றும் இல்லை என்றார் ஒருவர். சுவர் இருக்கிறதே, சுவர் போனால் அடுத்த சுவர் நம்முடையதல்லவா என்றாள் இன்னொருத்தி. தேரிக்காட்டு மணலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றார் மூன்றாமவர். "கூரையில்லாத எடத்துல வச்சா, வானமே போயிருச்சின்னா?" என்று ஒருவர் கேட்டதும் அந்த யோசனையும் போயிற்று. கடைசியில் ஒரு பெண், யார் என்று காட்டிக்கொள்ளாமல், "வெள்ளிக்கிழமையே அது இல்லாமப் போனா யாருக்கும் வம்பில்ல" என்றாள். அதற்கு ஒருவரும் பதில் சொல்லாததுதான் லிங்கக்கனியை எழுப்பி உள்ளே போக வைத்தது.

உள்ளே போய்க் கொண்டியை மாட்டினாள். மாட்டினோமா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவள் அந்த இரண்டு பேருக்கு நடுவிலேயே இருந்தாள். பிள்ளை பசித்தால் முகத்தைச் சுளித்து, உதட்டைக் குவித்தது. நிலைப்படியில் நிற்கிறவனும் உதட்டைக் குவித்திருந்தான். ஒன்று ஆட்டுப்பாலைக் குடித்தது, வயிறு நிறைந்தது, நனைத்தது, அழுதது, ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை வளர்ந்தது. மற்றது ஊதியது. அவள் சனிக்கிழமை காலையில் எழுந்து, ஊதுகிறவனுடைய கன்னத்தை முதல் தடவையாகத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் அப்படியே இருந்தது. இத்தனை மாதமும் அவனுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்பதை, எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற அவள், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம் நயினாரை வாசலுக்குக் கூப்பிட்டனுப்பினாள். செம்பை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். முத்துக்கிளி போட்ட முடிச்சு, அவிழச் சிரமப்பட்டது. பிள்ளையை மடியில் போட்டு, அதன் காதருகே குனிந்தாள்.

"சுயம்பு" என்றாள். நிலைப்படியில் நின்றவன் ஊதுவதை விடாமல் தலையை நிமிர்த்தினான்.

"சுயம்பு" என்றாள். அவன் பாதம் தரையில் தேய்ந்தது.

மூன்றாவது தடவை சொல்லாமல் அவள் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்து இழுத்தது. சொன்னாள். அவன் முழுதாய்த் திரும்பி, கதவுச் சட்டத்தைப் பார்த்து நின்றான்.

வாசலில் நின்ற நயினார் பேரை எழுத அலுவலகத்துக்கு ஓடினார்.

அவள் ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, முழங்காலில் வைத்து ஆற்றத் தொடங்கினாள். ரொம்பச் சூடாக இருக்குமோ என்று ஊதினாள். அவளுக்கு முதுகைக் காட்டி அவனும் ஊதினான். அந்தச் சின்ன வீட்டுக்குள் இரண்டு ஊதல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. தூரத்தில் சங்கு ஊதியது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஊதிக்கொண்டே இருந்தாள், சங்கு ஊதி ஓய்ந்தது, பிறகு வீட்டுக்குள் ஒரே ஒரு ஊதல் சத்தம்தான் கேட்டது.

பால் ஆறியிருந்தது.